மிஸ்ஸிக்கு ஒரு பிஸ்கட் பெட்டி

வைத்தியசாலைக்குப் போகும்போது தாதியருக்கும் சிற்றூழியருக்கும் ஏதேனும் தின்பண்டம் வாங்கிச் செல்வது நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா? மலையகத் தோட்டமொன்றில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் உங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். 'கையை வீசிக்கொண்டு எப்படிங்க போறது?' என்பதே பதிலாக வரும்.

அண்மையில் நண்பர் ஒருவருடன் இது பற்றி நீண்ட விவாதம். ஓய்வுபெற்ற ஆசிரியர், மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர். 'நன்றி சொல்வது தமிழரின் பண்பாடு. ஒரு பெட்டி பிஸ்கட்டைப் போய்ப் பெரிய ஊழலாக்காதீர்கள்' என்றார். மறுபுறத்தில் கொழும்பில் வேறொரு சாரார் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் மட்டுமே கண்ணில் படும். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரக் குற்றவாளியாக்கியது; அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அவ்வாறே. ஆகவே மக்களுக்கு 'விழிப்புணர்வு' ஊட்ட வேண்டும் என்பார்கள். எனக்கு இந்த இரு சாராருடனும் உடன்பாடில்லை. ஒருவர் அச்சத்துக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டுகிறார்; மற்றவர் அச்சப்படுகிறவளைக் குற்றவாளியாக்குகிறார்.

மஸ்கெலியாவிலிருந்து ஹற்றன் நோக்கி வரும் காலை நேர பஸ்ஸில் கிளினிக் நாட்களில் ஏறியிருக்கிறீர்களா? அவ்வாறான ஒரு நாளில் என் பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பை. அதற்குள் கிளினிக் கொப்பி, தேநீர்ப் போத்தல், புதிதாக வாங்கிய ஒரு பெட்டி பிஸ்கட். பிஸ்கட் யாருக்கு என்று கேட்டேன்.

'மிஸ்ஸிக்குங்க ஐயா.'

'அவங்க பேர் என்னம்மா?'

'பேரு தெரியாதுங்க. எந்த மிஸ்ஸி இருப்பாங்கன்னும் தெரியாது. நமக்குப் பாஷை வராதுங்களே... இதைக் குடுத்தா கொஞ்சம் சிரிச்சுப் பேசுவாங்க.'

பெயர் தெரியாத ஒருவருக்கு, இன்னும் செய்யப்படாத ஒரு சேவைக்காக, முன்கூட்டியே கொண்டுபோகப்படும் பொருளுக்கு நன்றி என்று எந்த அகராதியில் பொருள் எழுதியிருக்கிறது? அது நன்றியன்று, வழிச்சுங்கம். இன்னும் சரியாகச் சொன்னால், ஓர் அரசாங்கம் தன் பிரஜைக்குத் தர வேண்டிய மொழியின் இடத்தை அந்த பிஸ்கட் பெட்டி நிரப்புகிறது.

தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். மறு ஆண்டே 16ஆவது திருத்தம் வந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். இத்தனைக்கும் பிறகு, தன் வயிற்றிலுள்ள பிள்ளை அசையவில்லை என்பதைச் சொல்ல ஒரு பெண் சைகையை நம்ப வேண்டியிருக்கிறது. அல்லது பக்கத்துக் கட்டிலில் இருப்பவளின் தயவை நாட வேண்டியிருக்கிறது. சிங்களத் தாதியரை நான் குறை சொல்ல வரவில்லை. தென்பகுதிக் கிராமமொன்றிலிருந்து முதல் நியமனம் பெற்று, குளிர் நடுங்கும் மலைக்கு அனுப்பப்படும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்காமல் அனுப்பியது யார்? அந்தப் பிள்ளையும் இந்தத் தாயும் ஒருவரையொருவர் பார்த்து விழித்துக்கொண்டு நிற்கும் நிலையை உண்டாக்கியவர்கள் கொழும்பில் குளிரூட்டிய அறைகளில் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தின் வேர் மொழியில் மட்டும் இல்லை. தோட்டத்தில் மருந்து என்பது தொடக்கம் முதலே உரிமையாக வரவில்லை. துரையின் தயவாகவே வந்தது. கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாக நடந்து வந்தவர்கள் வாந்திபேதியில் செத்து மடிந்த பிறகு, 1872இல் வெள்ளைக்கார அரசு தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரக்கத்தை விட, கூலியாள் குறைந்துவிடக் கூடாது என்ற கணக்கே அதில் மேலோங்கி நின்றது. 1912இல் வந்த சட்டம் பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். உங்களுக்கு வேலை தருபவரே உங்களுக்கு வீடு தருபவர், அவரே மருந்தும் தருபவர். காய்ச்சல் உண்மையானதா, பெரட்டுக்கு வராமலிருக்கச் சொல்லும் சாக்கா என்று தீர்மானிப்பவரும் அவரிடம் சம்பளம் வாங்கும் மருந்துக்காரர்! அந்த மனிதரைப் பகைத்துக்கொண்டு லயத்தில் வாழ முடியுமா? தீபாவளிக்குப் பங்களாவுக்குத் தட்டுச் சென்றது போலவே, மருந்துக்காரர் வீட்டுக்கும் ஒரு சீப்புப் பழமும் ஒரு கோழியும் சென்றன.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டபோது இந்தப் பிடி மேலும் இறுகியது. பிரஜையாக இல்லாதவன் எந்த உரிமையைக் கேட்பான்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளில் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. பலவற்றை ஏற்கவில்லை. இன்றும் எத்தனையோ தோட்டங்களில் பட்டம் பெற்ற மருத்துவர் இல்லை. தோட்ட வைத்திய உதவியாளரே 'டாக்டர் ஐயா'. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வில் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டங்களிலோ 100க்கு 32 பேர். ஏறத்தாழ இரு மடங்கு. 'இலவச சுகாதாரத்தில் ஆசியாவுக்கே முன்மாதிரி' என்று நாம் மார்தட்டும் நாட்டில்தான் இது!

பிஸ்கட்டின் கணக்கையும் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதுவும் சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்தால்தான் முழுப் பேர். கிளினிக்குக்குப் போகும் நாளில் பல தோட்டங்களில் அந்தப் பேரும் இல்லை. பஸ் காசு, பஸ் வராத பாதையானால் முச்சக்கரவண்டிக் காசு, அதன் மேல் மிஸ்ஸிக்கும் சிற்றூழியருக்கும் தின்பண்டம். 'இந்த மாசம் கையில ஒண்ணுமில்லை, அடுத்த கிளினிக்குக்குப் போறேன்' என்று தள்ளிப்போட்ட பெண்களை நான் அறிவேன். என் நண்பரின் 'பண்பாடு' அங்கேதான் உயிரோடு விளையாடுகிறது.

நன்றியே கூடாது என்றா சொல்கிறேன்? இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறி லயத்துக்கு லயம் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் குடும்ப சுகாதார மருத்துவிச்சிக்கு, பிள்ளைக்கு முடியிறக்கிய நாளில் ஒரு தட்டுப் பலகாரம் கொடுத்தால் யார் குறை சொல்வார்கள்? அதில் அச்சமில்லை, எதிர்பார்ப்பில்லை. அவர் பெயரும் தெரியும். குணமாகி வீடு திரும்பும்போது வார்ட்டில் இருக்கும் அனைவருக்கும் பொதுவாக ஒரு பெட்டி டொபி வைத்துவிட்டு வாருங்கள். (சலரோக கிளினிக்கில் கேக் கொடுப்பதை மட்டும் தவிர்த்தால் நல்லது.) முன்னால் கொடுப்பதற்கும் பின்னால் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு: ஒன்றும் கொண்டுவராத அடுத்த கட்டில்காரிக்கும் அதே கவனிப்புக் கிடைக்கிறதா? கிடைக்கவில்லையென்றால் நீங்கள் கொடுத்தது அவளுடைய முறையைப் பறித்த காசு.

ஹங்கேரியில் வைத்தியருக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது பல தலைமுறைப் பழக்கம். அதற்கும் 'நன்றிப் பணம்' என்றுதான் பெயர். 2021இல் அதனைக் குற்றமாக்கினார்கள். ஆனால் மருத்துவரின் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்திக்கொண்டே அதைச் செய்தார்கள். பிரித்தானியாவிலோ 2020 வசந்த காலத்தில் வாரந்தோறும் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசல்களில் நின்று சுகாதார ஊழியருக்காகக் கைதட்டினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் அந்த அரசாங்கம் முன்மொழிந்த சம்பள உயர்வு நூற்றுக்கு ஒன்று! கைதட்டலுக்குச் செலவில்லை அல்லவா?

நம் நாட்டிலும் 2022 நெருக்கடியில் மருந்து தீர்ந்து, நோயாளி வெளியே வாங்கி வந்தால்தான் ஊசி என்ற நிலை வந்தபோது, அந்தச் செய்தியைச் சொல்லி ஏச்சு வாங்கியவர் அதே மிஸ்ஸிதான். எத்தனையோ பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். எஞ்சியவர்களுக்குத் தேவை பிஸ்கட் அன்று. போதிய ஆளணியும், ஒழுங்கான மேலதிக நேரக் கொடுப்பனவும், வார்ட்டில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும்தான்.

நம் அரசியல்வாதிகளுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம் நடந்தால் அமைச்சருக்கும் கம்பனிக்காரருக்கும் ஆளுயர மாலை, நன்றிப் பதாகை. வரியும் உழைப்பும் கொடுத்தவன் வரிசையில் நின்று கும்பிடுகிறான். 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலையைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். உதவியவருக்கு நன்றி சொல்வது முறைதான். ஆனால் கட்டடத்தைத் திறப்பதற்கு ஒரு நாள் போதும். அதற்குள் நம் மொழி தெரிந்த ஆளை அமர்த்துவதற்குத்தான் ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

கடல் கடந்து வாழும் வாசகர்களே, பெட்டி பெட்டியாகச் சொக்லேட் அனுப்பி வார்ட்டில் படம் பிடிக்க வேண்டாம். நீங்கள் பழைய தொடர்பு வைத்திருக்கும் தொழிற்சங்கக்காரர் யாரேனும் இருந்தால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கர்ப்பிணி கிளினிக்குக்குப் போகும் நாளை முழுப் பேராகச் செக்ரோலில் பதிய வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த சம்பளப் பேச்சில் வைப்பீர்களா, மாட்டீர்களா? அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.