கிழக்குக் கோடியில் ஒரு பகல்

தை மாதத்தில் கோடை என்றால் நம்மவர் நகைப்பர். அவுஸ்திரேலியாவில் அதுவே இயற்கை. அத்தகைய வெயில் நாளொன்றை நாமும் மனைவியாரும் பைரன் பே என்னும் கடற்கரைச் சிற்றூரில் கழித்தோம்.

அந்நாட்டுப் பெருநிலப்பரப்பின் கிழக்குக் கோடி இவ்வூர் முனைதான். 1901ஆம் ஆண்டில் எழுந்த வெண்ணிறக் கலங்கரை விளக்கம் அங்கே நிற்கின்றது. 1770இல் கப்டன் குக் முனைக்கு இட்ட பெயர் பைரன். கவிஞர் பைரனின் நினைவாக இட்டது என நாம் பெருமிதத்துடன் விளக்கினோம். “கவிஞர் பிறந்தது 1788இல் அல்லவா?” என்றார் மனைவியார். பெயருக்குரியவர் கவிஞரின் பாட்டனாராம், கடற்படையாளர்.

நண்பகலில் நீராடச் சென்றோம். சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கிடையே சனக்கூட்டம், அலையும் மிகுதி. சற்று அப்பால், அலையே எழாத கருநீல நீர்ப்பரப்பு. அலைக்கு அஞ்சும் நாம் அங்கேயே கால் வைத்தோம். உடனே சீழ்க்கை ஒலித்தது!

ஓடிவந்த காவல் இளைஞர் பொறுமையாக விளக்கினார். அலைகள் கரைக்குக் கொணரும் நீர், ஆழமான வாய்க்கால் வழியே மீண்டும் கடலுக்கு விரையுமாம். ஆழத்தில் அலை உடைவதில்லை. ஆதலால் அமைதிபோலத் தோன்றும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்தே மாள்வர். மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும் என்றார். நமக்கு வெயிலிலும் குளிர்ந்தது.

மாலையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிப் புற்றரையில் அமர்ந்தோம்.

“கவிஞர் பிறந்த ஆண்டு நினைவிருக்கிறதா?” என வினவினார் மனைவியார்.

நாம் மீனிலேயே கண்ணாயிருந்தோம்.