முதலிற் குடியேறுவது யார்?

இடுப்பு மூட்டுத் தேய்ந்த முதியவருக்கு உலோக மூட்டும், இதய வால்வு பழுதுற்றவருக்குச் செயற்கை வால்வும் பொருத்துதல் இன்று புதுமையன்று. ஆயினும், உடலினுள் வைக்கப்படும் அப்பொருளில் இரத்தவோட்டம் இல்லை. கிருமி வந்து ஒட்டினால் எதிர்த்து நிற்க அதற்கு வலிமையுமில்லை. இக்குறை எத்துணைப் பெரிதென்பதை 1957 இல் இங்கிலாந்தில் எலெக், கோனென் என்ற இருவர் காட்டினர். தாமாக முன்வந்தோரின் தோலிற் சீழ்க்கட்டி உண்டாக்கப் பல இலட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. அங்கே ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோதோ சில நூறே போதுமாயின!

ஒட்டிய கிருமிகள் வாளாவிருப்பதில்லை. பசைபோன்ற படலமொன்றைச் சுரந்து, பாறையிற் பாசிபோலப் படர்ந்து, அதனுள் மறைந்துகொள்ளும். மருந்தும் அங்கே எளிதிற் பலிப்பதில்லை. பொருத்திய மூட்டையே கழற்ற நேரிடுவதும் உண்டு. ஆகவே, ஒட்டவிடாது தடுக்கும் மேற்பூச்சுக்களை விஞ்ஞானிகள் நாடினர். அவற்றுள் வெள்ளிப் பூச்சு, தான் வெளிவிடும் அயன்களாற் கிருமியைக் கொல்வது.

இங்கேதான் சிக்கல். 1987 இல் அமெரிக்க வைத்தியர் அந்தனி கிறிஸ்ரினா இதனை மேற்பரப்புக்கான ஓட்டப்பந்தயம் என வருணித்தார். பஸ் வண்டியில் ஆசனம் பிடிப்பாரைப் போல, உடற்கலங்களும் கிருமிகளும் ஒரே இடத்துக்கு ஓடுகின்றன. கிருமியை விரட்டும் பூச்சு, கலங்களையும் விரட்டிவிட்டால்?

அவ்வாறே ஒன்று நிகழ்ந்தது. இதயத்தோடு தைக்கப்படும் துணி வளையத்தில் வெள்ளி பூசிய 'சில்சோன்' வால்வு 1997 இல் வந்தது. இதயத் தொற்றைத் தடுக்கும் நோக்கத்தில் நாம் குறைகாணோம். ஆனால், பூசாத வால்வோடு ஒப்பிட்ட சோதனையில், வளையத்தின் ஓரமாக இரத்தம் கசிதல் இதில் மிகுந்திருந்தது. துணியினுள் இழையம் வளர்ந்து பற்றுவதை வெள்ளி தடுத்ததெனக் கருதப்பட்டது. 2000 ஜனவரியில் உற்பத்தியாளர் வால்வை மீளப்பெற்றனர். அதற்குள் ஏறத்தாழ 36,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. மார்பினுள் தைத்த வால்வைக் கடைப்பொருள் போலத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அவர்களை வைத்தியர்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியதாயிற்று.

சிலநாள் வைத்து எடுக்கும் சிறுநீர்க் குழாய் வழுக்கினால் நன்று. எலும்பிற் பதியும் தைற்றேனியத்தை எலும்பு பற்றியே தீரவேண்டும். ஆதலின், யாவற்றையும் விலக்கும் பொலியெதிலீன் கிளைக்கோற் பூச்சில், உடற்கலங்கள் பற்றிக்கொள்ளக்கூடிய சிறு புரதத் துண்டுகளை ஆங்காங்கே பதித்து ஆராய்ந்தனர். 2004 இல் வெளியான ஆய்வொன்றில், அத்தகைய பூச்சிலும் ஸ்ரபிலோகொக்கசுக் கிருமிகள் வெகுவாகக் குறைந்தே ஒட்டின. ஆனால் இது ஆய்வுகூடத்திற் கண்டது; எலும்பினுள் ஆண்டுக்கணக்கில் உழைப்பது வேறு சோதனை.