எந்தக் குரூப்மா?



இந்த மாதம் சுவர் இதழுக்கு 'என் எதிர்காலம்' பற்றி எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கிற தாள்களைப் படித்துப் பார்த்தேன். கலெக்டர் மட்டும் ஏழு பேர். திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர்தானே, மற்ற ஆறு பேர் எங்கே போவார்களோ தெரியவில்லை! நான் கலெக்டருக்கு முன்னாடி வருகிற ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். அது குரூப்.

நம்ம பள்ளி தரம் உயர்ந்து வருஷக்கணக்கானாலும் ஊரில் இன்னும் 'யூனியன் ஸ்கூல்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே பத்தாவது வரைதான். பிளஸ் ஒன் சேர பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போகணும். அங்கே அட்மிஷன் போடுகிறவர் "எந்தக் குரூப்மா?" என்று கேட்பார். நம்மில் பாதிப்பேர் அந்தக் கேள்வியையே அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்போம். பக்கத்தில் நிற்கிற அம்மாவைப் பார்ப்போம், அம்மா நம்மைப் பார்ப்பாங்க. அவ்வளவுதான், இரண்டு வருஷப் படிப்பு முடிவாகிவிடும்.

என் பெரியப்பா மகளுக்கு நர்ஸ் ஆகணும்னு சின்ன வயதிலிருந்தே ஆசை. காலையில் ஒரே பஸ். அது எந்தப் பள்ளி வாசலில் நிற்குமோ அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். "உன் மார்க்குக்கு வரலாறு குரூப்தான்" என்றார்கள், சரி என்றாள். பிளஸ் டூ முடித்து நர்சிங் விசாரிக்கப் போனால் "பயாலஜி இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பி.ஏ. படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேணும் என்ற ஒரு வரியை அவளுக்கு 15 வயதில் யாருமே சொல்லவில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அதே வருஷம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 'கல்லூரிக் கனவு' என்று நிகழ்ச்சி நடத்தி, என்னென்ன படிப்பு இருக்கிறது என்று சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் பிளஸ் டூ முடிச்ச பிறகு சொன்னால், கணக்கு எடுக்காதவள் இன்ஜினியரிங் சேர முடியுமா? கதவு சாத்துவது பிளஸ் ஒன்னில். அதனால் சொல்ல வேண்டிய இடம் ஒன்பதாம் வகுப்பு என்பது என் கருத்து.

இன்னொன்றும் நம்ம ஊரில் சொல்வார்கள். மார்க் வந்தால் ஃபர்ஸ்ட் குரூப், வராவிட்டால் காமர்ஸ், அதுவும் வராவிட்டால் வரலாறு. குரூப் என்றால் பந்தியில் முதல் வரிசை கடைசி வரிசை மாதிரி. இது தப்பு. 2023 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட்டில் 600-க்கு 600 வாங்கியது யார்? நம்ம திண்டுக்கல் டவுன் மாணவி, தச்சு வேலை செய்கிறவரின் மகள். அவர் எடுத்தது காமர்ஸ், அக்கவுண்டன்சி உள்ள குரூப். ஆடிட்டர் ஆகணும்னு பேட்டியில் சொன்னார். அவர் மார்க் வராமலா அந்தக் குரூப் எடுத்தார்?

குரூப்பே வேண்டாம் என்கிற வழிகளும் உண்டு. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ சேரலாம். அது முடித்து பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். ஐ.டி.ஐ. இருக்கிறது. பையன்களுக்கு இது ஓரளவு தெரிகிறது, பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இன்னும் ஒரு விஷயம் நம் வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் போடணும்னு அப்பா அம்மா நினைக்கிறார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் தனி இட ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் வந்தது. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த வாய்ப்பு போய்விடும். காசும் போய், சீட்டும் போய்!

எனக்கு இப்போது 14 வயது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் கட்டாயக் கல்வி என்கிறது. அதற்கு மேல் படிக்கிறதா வேண்டாமா என்பது வீட்டுப் பேச்சு. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லிலிருந்து வேன் வருவது நமக்கெல்லாம் தெரியும். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி எத்தனை அக்காக்களை அழைத்துப் போனார்கள். பத்தாவது லீவில் வேன் நம் தெருவுக்கு வரும். பள்ளிக்கூடத்தின் பக்கமிருந்து யாரும் வருவதில்லை. "என்ன படிக்கப் போறே?" என்று கேட்டால் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளையை வீட்டில் "சரி, மில்லுக்குப் போ" என்பது ரொம்ப சுலபம். "நான் இந்தக் குரூப், இந்தப் பள்ளி, இந்த பஸ், மேலே படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1000" என்று கணக்கோடு சொல்கிறவளை அனுப்புவது கொஞ்சம் கஷ்டம்.

பிளஸ் ஒன் அக்கா அண்ணன்கள் பற்றியும் ஒன்று. 2017-18-ல் கொண்டுவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26-லிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் மூச்சு விடக் கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் நடத்தாமல், என்.எஸ்.எஸ். முகாம், அறிவியல் கண்காட்சி, விளையாட்டு என்று விட்டால் என்ன? ஏழு நாள் முகாமில் கிராமத்தில் வேலை செய்கிறவளுக்குத் தனக்கு ஆள்களோடு பேசுவது பிடிக்குமா, கணக்கு எழுதுவது பிடிக்குமா என்று தானாகத் தெரியும். பி.டி. பீரியடை கணக்கு சார் கடன் வாங்குவதும் (திருப்பித் தருவதே இல்லை) அங்கேயும் உண்டாம். பிளஸ் ஒன் படிக்கிற அக்கா சொன்னாங்க.

தலைமையாசிரியர் ஐயாவிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு, மாதம் ஒரு தடவை, ஒன்பதுக்கும் பத்துக்கும். இங்கே படித்துப் போனவர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம். எந்தக் குரூப் எந்தப் பள்ளியில் இருக்கு, எந்த பஸ் போகுது என்று ஒரு சார்ட் இந்தச் சுவரிலேயே ஒட்டலாம். வருஷத்துக்கு ஒரு நாள் காந்திகிராமப் பல்கலைக்கழகமோ, டவுனில் எம்.வி.எம். அரசு மகளிர் கல்லூரியோ கூட்டிப் போய் வகுப்பறையைக் காட்டலாம். காலேஜ் வாசலையே பார்க்காதவள் அங்கே சேரணும்னு எப்படி நினைப்பாள்? ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் உள்ள ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. மாவட்டத்துக்கு 50 பெண்கள், 50 பையன்கள். வருஷத்துக்கு ₹1000 தான், இருந்தாலும் பிளஸ் டூ வரை கிடைக்கும்.

சார்ட்டுக்கு அட்டை நானும் என் பெஞ்சுத் தோழிகளும் வாங்கித் தருகிறோம். உங்கள் அண்ணன் அக்கா யாராவது பிளஸ் ஒன், பிளஸ் டூ, பாலிடெக்னிக் படித்தால், எந்தப் பள்ளி, எந்தக் குரூப், எந்த பஸ் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி 9-ஆம் வகுப்பு மேஜை மேலிருக்கிற சாக்பீஸ் டப்பாவில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம்.