மார்கழித் தண்ணீரும் ஆவணிக் கணக்கும்

வன்னியில் சொந்தக் காணிக்குள் சிறு குளமொன்றை வெட்டி மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை குஞ்சுகள் விடலாம்? பெரும்பாலும் கையிலுள்ள பணம் அல்லது குஞ்சு விற்பவரின் வாய்ச்சொல் இதற்கு விடையாகிவிடுகின்றது. பலருக்கு அந்தப் பணம் வெளிநாட்டில் குளிரில் உழைக்கும் உடன்பிறப்பு அனுப்பியது. ஆகவே இது மீன் பற்றிய கேள்வி மட்டுமன்று.

எண்ணிக்கையைத் தண்ணீரே தீர்மானிக்க வேண்டும் என்பது எனது கருத்து. அதுவும் மார்கழியில் கரைதொட்டு நிற்கும் தண்ணீரல்ல. ஆவணியில் எஞ்சும் தண்ணீர்.

20 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவமழையில் நிறையும்போது அதன் நீர்ப்பரப்பு 200 சதுர மீற்றர். பின்னர் அடுத்த ஐப்பசிவரை பெருமழை இல்லை. வெயில் குடிப்பது, நிலம் உறிஞ்சுவது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் போக, சரிவான கரையுள்ள குளத்தில் ஆவணியில் 80 சதுர மீற்றர் எஞ்சினால் அதுவே பெரிது. ஆழமும் குறைந்திருக்கும்.

மீனோ இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றது. 5 கிராம் குஞ்சுகள் 400 விட்டால், விடும் நாளில் அவற்றின் மொத்த நிறை 2 கிலோ. எல்லாம் பிழைத்து 400 கிராம் அளவுக்கு வளர்ந்தால் 160 கிலோ. தண்ணீர் பாதிக்கும் கீழாகக் குறைந்த வேளையில் மீனின் நிறை எண்பது மடங்காகிவிடுகின்றது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் புலப்படுவதில்லை.

விளைவு ஓர் இரவில் தெரியவரும். பகலில் நீரிலுள்ள பாசி ஒட்சிசனை வெளிவிடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து ஒட்சிசனை உள்ளெடுக்கும். சூடேறிய நீரில் ஒட்சிசன் கரைவதும் குறைவு. எனவே விடிவதற்குச் சற்று முந்திய வேளையே மிக ஆபத்தானது. மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். காலையில் வெள்ளை வயிறுகள் மிதக்கக் காண்பவர், அயலவன் நஞ்சு கலந்துவிட்டான் என்று ஐயுறவும் கூடும். இத்தகைய சாவுக்கு நஞ்சு தேவையில்லை, நெருக்கமே போதும்.

அப்படியானால் எத்தனை? தீனி போடாத கிராமியக் குளங்களில் ஹெக்டேயருக்குச் சுமார் 2000 குஞ்சுகள் என்பது இலங்கையில் வழங்கிவரும் கணக்கு. அதாவது 5 சதுர மீற்றருக்கு ஒன்று. நமது குளம் நிறைந்திருந்தாலும் அக்கணக்கில் 40 குஞ்சுகளே. ஒழுங்காகத் தீனி போட்டு, காற்றூட்டும் இயந்திரம் இல்லாமல் வளர்த்தால் சதுர மீற்றருக்கு ஒன்று அல்லது இரண்டு விடலாம். ஆவணியின் 80 சதுர மீற்றருக்கு அது 80 முதல் 160 வரை. முதலாண்டில் 100 போதும் என்பேன். கூடுதலாக விட விரும்புவோர், தண்ணீர் வற்றுமுன் பாதியைப் பிடித்துவிட வேண்டும். மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் மேயும் ரோகு, அடியில் மேயும் மிரிகால் ஆகியவற்றைக் கலந்து விட்டால் ஒன்றின் இரையை மற்றது பறிக்காது.

1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவின் கணக்கு வேறு. சில மாதங்களிலேயே அது இனம்பெருக்கத் தொடங்கிவிடும். விட்டது ஐம்பதாயினும் குளத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கும். சட்டியில் போட்டால் முள்ளே மிஞ்சும். நீர்க்காகமும் விராலும் தின்னும் என்று அஞ்சிப் பலமடங்கு விடுவதும் சரியன்று. அதற்கு மாற்று, விரலளவு வளர்ந்த குஞ்சுகளாக வாங்குவது.

1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. 1994இல் அது மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'நெக்டா' என்று அழைக்கப்படும் அதிகாரசபையும் உருவானது. நல்ல மாற்றந்தான். ஆயினும் செய்தி மேசையிலிருந்து நான் பார்த்துவந்தது ஒன்றுண்டு: பிரமுகர் ஒருவர் குனிந்து குஞ்சு விடும் படமும் விடப்பட்ட தொகையும் பத்திரிகைக்கு வந்துசேரும், எட்டு மாதங்களின் பின் எத்தனை கிலோ பிடிபட்டது என்ற செய்தி அரிதாகவே வரும். விடுவதையே வெற்றியாக எண்ணும் இப்பழக்கம் வீட்டுக் குளத்துக்கும் வந்துவிடக் கூடாது.

குறைவாக விட்டவர் சில கிலோ மீனை இழப்பார். அதிகமாக விட்டவர் ஒரே விடியலில் முழுவதையும் இழக்கலாம். அதன்பின் அந்தக் குளத்தில் இறங்கவே அவருக்கு மனம் வராது. ஆகவே முதல் ஆவணியில் தடியொன்றை நட்டு, எஞ்சிய நீரின் ஆழத்தையும் பரப்பையும் அளந்து குறித்துவையுங்கள். அடுத்த மார்கழியில் குஞ்சு விற்பவரிடம் போகும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்கட்டும்.