கவனமும் நரம்பணுக்களின் சஞ்சலமும்

ஒரு பொருளை ஊன்றிப் பார்க்கையில் அதற்குரிய நரம்பணுக்கள் அதிக வேகத்தோடு துடிக்கின்றன என்று சொல்லிவிட்டால் கவனத்தின் ரகசியம் தீர்ந்தது என நம்புவோர் பலர். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒரே கோட்டை ஒரே குரங்குக்குத் திரும்பத் திரும்பக் காட்டினாலும், அதன் பார்வைப் புறணியிலுள்ள ஓர் அணு ஒருமுறை மிகுதியாகவும் மறுமுறை சொற்பமாகவும் துடிக்கும். 2009-இல் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் மிச்செல் முதலானோரும், ஹார்வர்டில் மார்லீன் கோஹென், ஜான் மான்செல் இருவரும், தனித்தனியே குரங்கு மூளையின் வி4 என்னும் பகுதியை ஆராய்ந்து, கவனம் குவியும்போது அண்டை அணுக்கள் சேர்ந்தாற்போல் ஏறியிறங்கும் இயல்பு குறைவதைக் கண்டனர்.

சாட்சிகள் தனித்தனியே பிழைபட்டால் ஒப்பிட்டு உண்மையைத் தேறலாம். எல்லோரும் ஒரே வதந்தியைக் கேட்டு வந்தவர்களாயின், நூறு பேர் கூண்டேறியும் பயனில்லை; சேர்ந்தாற்போல் ஏறியிறங்கும் அணுக்களின் நிலையும் அதுவே. கவனத்தால் அணுக்கூட்டத்துக்குக் கிட்டும் லாபத்தில் 80 சதவிகிதத்துக்கு மேல் இந்தப் பொதுச் சலனம் குறைவதாலேயே விளைகிறது என்பது கோஹென், மான்செல் இருவரின் கணக்கு. எனவே, மூளையை முடுக்கிவிடுவதாகப் பறைசாற்றும் ஞாபகசக்தி லேகியக்காரரிடம், விலை கேட்குமுன், எதை முடுக்குகிறீர் என்று கேட்பது நலம்.