விதைக்கும் முன்பே பங்கு கொள்வோம்

மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வாழ்வோருக்கு மிரோன் கற்குழியின் கதை புதிதன்று. நகரின் கட்டடங்களுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் அங்கு அகழப்பட்டது. 1968 முதல் அந்தக் குழியிலேயே குப்பை கொட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டில்தான் வீட்டுக் கழிவுகளைப் புதைப்பது நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 4 கோடி தொன் கழிவு அங்கே புதைந்துள்ளது. அதன் மேற்பரப்பு 2017 முதல் பிரெடெரிக்-பாக் பூங்காவாகப் படிப்படியாகத் திறக்கப்பட்டு வருகின்றது. ஆயினும் மாநகரம் முழுவதற்குமான வசதியின் சுமையை, நாற்றமாகவும் புழுதியாகவும் பாரவூர்தி இரைச்சலாகவும், பல பத்தாண்டுகள் சுமந்தவர்கள் அயலில் வாழ்ந்த உழைக்கும் மக்களே.

எமது உணவிலும் இதே கணக்குத்தான் இயங்குகின்றது. மலிவாகக் கிடைக்கும் மரக்கறியின் உண்மையான விலையை வேறு யாரோ செலுத்துகின்றனர். நஞ்சேறிய மண்ணும், மாசுற்ற கிணற்று நீரும், கடன்பட்ட கமக்காரனும் எந்த விலைச்சீட்டிலும் இடம்பெறுவதில்லை. யாழ்ப்பாணத்தின் செம்மண் தோட்டங்களில் அளவுக்கு மீறி இடப்பட்ட உரம், சுண்ணாம்புக்கல் பாறைகளினூடே கசிந்து கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்துள்ளமை ஆய்வாளர்கள் பலகாலமாகச் சுட்டிக்காட்டி வரும் உண்மை.

இந்நிலைக்கு மாற்றாக இயற்கை வேளாண்மையை முன்வைக்கின்றோம். ஆனால் அந்த மாற்றத்தின் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வியை நாம் எழுப்புவதில்லை. இலங்கையில் 2021இல் நிகழ்ந்தது இதற்கு எச்சரிக்கை. அவ்வாண்டு ஏப்ரலில் அரசு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்தது. போதிய பசளையும் பயிற்சியும் கால அவகாசமும் விவசாயிக்குக் கிடைக்கவில்லை. நெல், தேயிலை விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடை கைவிடப்பட்டபோது நட்டமடைந்திருந்தவன் விவசாயியே. அத்தோல்வியை இயற்கை வேளாண்மையின் தோல்வி என்பது தவறு. மாற்றத்தின் முழுச் சுமையையும் ஒருவன் தலையில் ஏற்றியதன் விளைவு அது. கனடாவின் விதிமுறையிலும், தடைசெய்யப்பட்ட பொருட்கள் இடப்படாமல் நிலம் 36 மாதங்கள் இருந்தாலே இயற்கை விளைச்சல் என்ற சான்று கிடைக்கும். அக்காலத்தில் விவசாயிக்குத் துணை நிற்பது யார்?

நேரடி விற்பனை மட்டும் இதற்கு விடையாகாது. யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயியின் பொருளில் 10 வீதத்தைக் கழிவு என்று அறவிடும் வழக்கத்திற்கு எதிராக நெடுங்காலமாகக் குரல் எழுந்து வருகின்றது. தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, இடைத்தரகரை விலக்கிய நல்ல முயற்சி. எனினும் அங்கும் விளைந்த பின்னரே விற்பனை. ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்தால் நுகர்வோர் அடுத்த கடைக்குச் செல்வார். விவசாயி எங்கே செல்வார்?

கியூபெக்கில் இதற்கொரு விடை உண்டு. 'குடும்ப விவசாயி' என்று இங்கு அழைக்கப்படும் ஏற்பாட்டை எக்கித்தேர் அமைப்பு 1990களின் நடுப்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்தது. பின்னர் இயற்கை விவசாயிகளின் கூட்டுறவு ஒன்று அப்பொறுப்பை ஏற்றது. யப்பானில் 1970களில் பரவிய 'தெய்கெய்' முறையும் இதனையொத்ததே. நுகர்வோர் குளிர்காலத்திலோ இளவேனிலிலோ பருவத்திற்கான பணத்தை முற்கூட்டியே செலுத்துகின்றனர். அப்பணம் விதைக்கும் கூலிக்கும் உதவுகின்றது. கோடை முதல் இலையுதிர்காலம் வரை கிழமைதோறும் ஒரு கூடை மரக்கறி அயலிலுள்ள ஓரிடத்திற்கு வந்து சேரும். நல்ல விளைச்சலெனில் கூடை நிறையும். பயிர் பொய்த்தால் குறையும். அந்த ஏற்றத்தாழ்வை இருவரும் பகிர்ந்து கொள்கின்றனர். இம்முறையின் உயிர்நாடி இதுவே.

செயின்ட்-மிஷேலிலும் அயலிலுள்ள பார்க்-எக்ஸ்ரென்சனிலும் வாழும் எம்மவர் இரு தடைகளைக் கூறுவர். கூடையில் எமக்குப் பழக்கமில்லாத கீரையும் கிழங்கும் வருகின்றன என்பது ஒன்று. நூற்றுக்கணக்கான டொலரை ஒரே முறையில் செலுத்த இயலாது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவையே. தொழிற்சாலைக் கூலியில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது சொற்பம்.

ஆனால் இரண்டாவது தடையைத் தாண்டும் வழியை எமது சமூகம் நன்கறியும். அதுதான் சீட்டு. இருபது குடும்பங்கள் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து, ஒருவரின் பெருந்தேவையை நிறைவேற்றும் நம்பிக்கை ஏற்பாடு. அதே முறையில் இலையுதிர்காலம் தொடங்கி மாதம் ஒரு சிறுதொகை சேர்த்தால், விதைப்புக்கு முன் ஒரு பண்ணையின் இருபது பங்குகளை வாங்க முடியும். சீட்டு முறிந்து உறவுகள் பகையான கதைகளும் எம்மிடையே உண்டு. எனவே கணக்கு எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். கணினித் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் கூறுகின்றேன்: இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை, பகிரப்பட்ட ஒரு கணக்குத்தாளே போதும்.

முதலாவது தடையும் இதனால் தளரும். தனியொருவர் கத்தரி வேண்டும் என்று கேட்டால் விவசாயியால் பயிர்த்திட்டத்தை மாற்ற இயலாது. இருபது குடும்பங்கள் முற்பணத்துடன் கேட்டால் நிலைமை வேறு. கத்தரி, வெண்டி, பச்சைமிளகாய், கொத்தமல்லி ஆகியன இம்மண்ணின் கோடையில் விளையக்கூடியவை. முருங்கையும் வாழையும் விளையா. அவற்றிற்குக் கடைகள் இருக்கவே செய்கின்றன.

ஆகவே, அடுத்த குளிர்காலத்திற்கு முன்னர் இருபது குடும்பங்கள் ஒன்றுசேர்வோம். ஒரு பண்ணையைத் தெரிவு செய்து, எமது பிள்ளைகளுடன் சென்று மண்ணைப் பார்ப்போம். எதை நடுவது, எவ்வளவு தருவது, இழப்பை எவ்வாறு பகிர்வது என்று விவசாயியுடன் நேரிற் பேசுவோம். இங்கே அது கைகூடினால், கற்ற அனுபவத்தை ஊரில் இயற்கை வழிக்குத் திரும்ப விரும்பும் விவசாயிகளுக்கும் கொண்டு செல்லலாம். அறுவடையின்போது விலை பேசுபவர் வாடிக்கையாளர். விதைப்பின்போது பொறுப்பேற்பவரே பங்காளர். நாம் பங்காளர் ஆவோம்.