வாந்தி ஊசிக்கும் கழுத்து கோணும்

போன வாரம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் அப்பளத்தை நொறுக்கியபடி என் காதில் ஓதினார்: "உங்க சித்தப்பாவுக்கு முத்திருச்சு போல தம்பி. சோறே வரல, அதுக்குள்ள மெல்லுறாரே!"

சித்தப்பா எதையும் மெல்லவில்லை. உதடு குவிகிறது, நாக்கு உள்ளுக்குள் புரள்கிறது, அவரைக் கேட்காமலே. மனநோய்க்கு இருபது வருஷம் ஹாலோபெரிடால் மாத்திரை விழுங்கியதற்குக் கிடைத்த கூலி. டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். அதே வகை மருந்தான குளோர்புரோமசின் மனநோய்க்கு வந்தது 1952-இல். 1957-இலேயே இந்த வாயசைவை ஜெர்மனியில் எழுதி வைத்துவிட்டார்கள். நம் பந்திக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு வாந்தி நிற்க மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டார்கள். ராத்திரிக்குள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண் மேலே செருகியது. அத்தைக்காரி எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டாள். ஒரு ஃபெனர்கன் ஊசி, அரை மணியில் கழுத்து நேரானது. அவளுக்கும் முத்திருச்சா? சித்தப்பாவின் மாத்திரையைப் போலவே வாந்தி மருந்தும் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத்தான் மறிக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் சித்தப்பாவின் வாயசைவே வரும் என்று 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்தது. வாந்திக்காரர் எல்லாம் பைத்தியமா? சினிமாவில் வாயைக் கோணிக் காட்டிச் சிரிக்க வைத்த புண்ணியவான்களைக் கேட்க வேண்டும்.

சித்தப்பாவைப் பார்த்த இன்னொரு மகான், "மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க" என்றார். ஒரு தீபாவளிக்கு நிறுத்தியும் பார்த்தோம். வாயசைவு கூடியது, காதில் கேட்கும் பழைய குரல்களும் திரும்பின. மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்குப் பழைய சீட்டைப் பார்த்தே பாசிடேன் மாத்திரை கொடுத்து வந்தார். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் அது தேவலாம். இந்த வாய்க்கு எரிகிற நெருப்பில் எண்ணெய்.

டாக்டர்களையும் விடுவதாக இல்லை. இந்த வாயசைவைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். கைப்பிடி இல்லாத கட்டை நாற்காலி ஒன்று போதும். வாயைத் திற, நாக்கை நீட்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தட்டு, எழுந்து நட. பத்து நிமிஷம். இருபது வருஷத்தில் ஒருத்தரும் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. இருபத்தோராவது வருஷம் வந்த பெண் டாக்டர் சொன்னார். பாசிடேனைப் படிப்படியாகக் குறைத்தார், ஹாலோபெரிடாலிலிருந்து ரத்தப் பரிசோதனையோடு குளோசபினுக்கு மாற்றினார், கூடவே வாயசைவுக்கு டெட்ராபெனசின். நாக்கு முழுசாக அடங்கவில்லை. ஆனால் காபியைச் சட்டையில் சிந்தாமல் குடிக்கிறார்.

பெரியவர் பாயசம் வரும்வரை வலது காலை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஆடினோம்.